துருவராஜின் கடைசிப் புத்தகம்

அய்யாக்கண்ணுவுக்குப் பால் ஊற்றியாகிவிட்டது. சொந்தம் ஒன்று விடாமல் வந்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்கள். பொன்னாசை இருக்குமோ என்று தாலிக்குண்டை உரசிய தண்ணீரைக் கொடுத்தார்கள். மண்ணாசையாக இருக்கும் என்று அவர் பங்கு நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். அதையும் குடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார் மனுஷன். போகவேண்டிய உயிர் எதற்கோ காத்துக் கிடக்கிறது என்று ஊரே பேசியது. எதற்கு என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த தம்பி சாமிக்கண்ணுவுக்குத் தெரியும்.

ஒரே வீடுதான் அது. பாகம் பிரித்தபோது நடுக்கூடத்தில் சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். அந்தப் பக்கம் அண்ணன் இருமினால் இந்தப் பக்கம் சோற்றுத் தட்டில் கேட்கும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தை மாதம் அண்ணனுக்கு ஒரு பக்கக் கைகால் இழுத்துக்கொண்டு, பேச்சும் போனபிறகு, முனகல் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செட்டிகுளம் சுற்றுப்பட்டில் எந்தக் காட்டைப் பார்த்தாலும் சின்ன வெங்காயம் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். சாமிக்கண்ணுவும் மனைவி பரிமளாவும் தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தாளை அறுத்துக் காயை ஒரு பக்கம் தள்ளவேண்டும். காய்ந்ததும் காற்றோட்டமாகக் கீற்று வேய்ந்து பட்டறை போட்டு அடைத்துவைக்கவேண்டும். கையெல்லாம் வெங்காய நாற்றம், கண்ணெல்லாம் எரிச்சல்.

"கலியம்மாக்கா காலையில வந்துச்சி," என்றாள் பரிமளா, அய்யாக்கண்ணுவின் மனைவியைச் சொல்லி.

"எதுக்காம்?"

"நம்ம பங்குல ஒரு புடி மண்ணு வேணுமாம். கெணத்தடிக் காட்டு மண்ணு. அது ஒங்களுக்குப் போச்சின்னு மாமா மனசுல இருந்திருக்குமோன்னு யாரோ சொன்னாங்களாம். அதக் கரைச்சி ஊத்திப் பாக்குறாங்களாம்."

"அள்ளிக்கிட்டுப் போவச் சொல்றதுதான? நம்ம காட்டு மண்ணு என்ன பவுனா?"

"குடுத்துட்டேன். அதுக்கும் ஒண்ணும் ஆவல." பரிமளா அரிவாளைக் கீழே வைத்தாள். "அவரு மண்ணு கேக்கல. எதக் கேக்குறாருன்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் வாயத் தொறக்க வைக்காதீங்க."

"வாயப் பொத்திக்கிட்டுத் தாள அறு."

அவள் அறுத்தாள். ஆனால் அறுத்த வேகத்திலேயே திட்டு இருந்தது.

அந்த விஷயம் இதுதான். அண்ணன் தம்பி இருவரும் மீசை முளைக்கிற வயசில் கேப்டன் துருவராஜுக்குக் கிறுக்காகிப் போனவர்கள். மாதா மாதம் வரும் பாக்கெட் நாவல். உள்ளங்கை அகலம். அட்டையில் கொழகொழவென்று செவப்பும் மஞ்சளும் பூசி, மெஷின் கன்னோடு துருவராஜ் நிற்பான். காலடியில் முதலையோ திமிங்கலமோ வாயைப் பிளந்திருக்கும். ஆப்பிரிக்காவில் வைரச் சுரங்கம், பனிமலையில் ரகசியக் கோட்டை, நடுக்கடலில் நீர்மூழ்கி என்று அவன் போகாத இடமில்லை. அப்போது பெரம்பலூரைத் தாண்டாத இரண்டு பேரும் அவனோடு உலகம் முழுக்கச் சுற்றினார்கள். வெங்காயக் காவலுக்குப் போனால் அய்யாக்கண்ணு சத்தம்போட்டு வாசிப்பார். வில்லனுக்கு ஒரு குரல், துருவராஜுக்கு ஒரு குரல். சாமிக்கண்ணு வரப்பில் படுத்துக்கொண்டு வாயால் துப்பாக்கி சுடுவார். அடடா, அந்தச் சந்தோஷத்தை எந்தச் சினிமாவும் கொடுத்ததில்லை.

ஒவ்வொரு கதையும் இரண்டு புத்தகமாக வரும். முதல் மாதம் துருவராஜை எங்காவது மாட்டிவிட்டு நிறுத்துவார்கள். அடுத்த மாதம் தப்பிப்பான். கடைசியாக வந்த கதை 'கருங்கடல் சிறை'. முதல் பாகத்தின் முடிவில் துருவராஜைக் கடலுக்கடியில் ஓர் இரும்பு அறையில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அந்த மாதம் முழுக்க அண்ணனுக்கும் தம்பிக்கும் அதே பேச்சு.

"சங்கிலிய அறுத்துக் குழாய அடைச்சிருவாம் பாரேன்," என்றார் சாமிக்கண்ணு.

"போடா இவனே. அடைச்சிட்டு உள்ளயே குடும்பம் நடத்துவானா? வெளிய அம்புட்டுக் கடலும் கதவ அமுக்கிக்கிட்டு நிக்கிது. எப்பிடித் தொறப்பான்? நம்ம ஏரி மதகுப் பலகைய ஒரு பக்கம் மட்டும் தண்ணி நின்னா இழுக்க முடியுதா? உள்ளயும் தண்ணிய ரொப்பணும். இன்னொரு குழாயும் இருந்தா அதையும் தொறந்து வுடணும். ரெண்டு பக்கமும் சமமானாத்தான் கதவு நவுரும்."

"தண்ணியத் தானே தொறந்து வுட்டுக்கிட்டுச் சாவ அவன் என்ன லூசா?"

"பந்தயம் கட்டுறியா?"

பந்தயம் கட்டியாயிற்று. இரண்டாம் பாகம் வருவதற்குள் கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்து மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். அய்யாக்கண்ணு சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதுதான் வினை. கிணறு வெட்டிய இடம் அவர் சொன்னது. மழை எப்போது வரும் என்பது அவர் சொன்னது. எந்த மாடு உழும், எந்த மாடு படுத்துக்கொள்ளும் என்பதும் அவர் சொன்னது. சரியாகச் சொல்கிற அண்ணனோடு ஒரே வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தண்ணீர் முறையிலும் அவர் சொன்னதே சரி என்று பஞ்சாயத்து சொன்னபோது சாமிக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரிச்சிக் குடு என்று நின்றுவிட்டார்.

பெரிய மனுஷராக உட்கார்ந்த சின்னப்பிள்ளை என்பவர் அண்டா, குண்டா, ஆடு, ஏணி எல்லாவற்றையும் சோடி சோடியாக வைத்துப் பிரித்தார். புத்தகப் பெட்டி வந்தது. அவருக்கு என்ன தெரியும், படித்த மனுஷரா? "ஒண்ணாம் நம்பரு போட்டதெல்லாம் பெரியவனுக்கு, ரெண்டாம் நம்பரு போட்டதெல்லாம் சின்னவனுக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். முதல் பாகமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டாம் பாகமெல்லாம் இந்தப் பக்கம். வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. வீம்பு.

அதற்கப்புறம் இரண்டு பேரும் விட்டுப்போன பாதியைத் தேடித் திரிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் திருச்சி பழைய புத்தகக் கடைகளில் அய்யாக்கண்ணு ஒரு மூலையில் குனிந்து கிளறுவார், சாமிக்கண்ணு இன்னொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு கிளறுவார். ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள், ஒருத்தர் முன்படி, ஒருத்தர் பின்படி. கீழப்பழுவூரில் ஒரு வாத்தியார் வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் ஓடியதும் உண்டு. துருப்பிடித்த பின்னைக் கழற்றி நூலால் தைத்து, பூச்சி அரிக்காமல் வசம்பை முடிந்து வைத்துப் பெட்டியில் அடுக்குவார் சாமிக்கண்ணு. மாசத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பார். அந்த வாசனைக்கு ஈடு கிடையாது.

இப்படியாக எல்லாம் சேர்ந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அய்யாக்கண்ணுவுக்குக் கிடைக்கவில்லை. 'கருங்கடல் சிறை' இரண்டாம் பாகம். பாகம் பிரித்த கையோடு அது வந்தது, அதோடு பதிப்பகத்தை மூடிவிட்டார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு வந்த ஒரே பிரதியைச் சாமிக்கண்ணு முந்திப் போய் வாங்கிவிட்டார். அண்ணன் சின்னப்பிள்ளையைத் தூது விட்டார். படித்துவிட்டுத் தருகிறேன், ஒரே நாள் போதும் என்று.

"எங்கிட்ட ஏது? நான் வாங்கவே இல்ல," என்று சொல்லியனுப்பினார் சாமிக்கண்ணு.

ஏன் அப்படிச் சொன்னார்? புத்தகத்தில் துருவராஜ் இரண்டாவது குழாயைத்தான் திறந்துவிட்டான். அறை நிரம்பியது, கதவு நகர்ந்தது. அண்ணன் சொன்னது எழுத்துப் பிசகாமல் அப்படியே அச்சில் இருந்தது. இதிலேயுமா? இதையும் போய் அந்த ஆளிடம் சொல்லவேண்டுமா? செத்தாலும் மாட்டேன் என்று சாமிக்கண்ணு புத்தகத்தைப் பெட்டியின் அடியில் போட்டார்.

அன்று மத்தியானம் காட்டிலிருந்து வந்து, பழைய சோற்றில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது கலியம்மாளே வந்து நின்றாள். பாகம் பிரித்தபிறகு அந்த வாசற்படியை அவள் மிதித்ததில்லை. வெளியே வைத்துப் பரிமளாவோடு பேசிவிட்டுப் போவதோடு சரி.

"தம்பி, ஒங்கள ஒண்ணு கேக்கணும்."

"உக்காருங்க அண்ணி."

"உக்கார நேரமில்ல. அவரு மொதோப் பாகத்த நெஞ்சில வச்சிக்கிட்டு, நல்லாருக்குற கையால செவுத்தக் காட்டுறாரு. மொதல்ல எனக்கு வெளங்கல. இப்பத்தான் வெளங்குது. அந்தப் பொஸ்தவம் ஒங்ககிட்ட இருந்தா குடுங்க. இருக்கா இல்லையான்னு கூட நான் கேக்கல. முதுவெல்லாம் புண்ணு வந்து அழுவிப்போச்சி தம்பி. பொரட்டிப் போட்டா மாடு மாதிரி கத்துறாரு. என்னால பாக்க முடியல. கேட்டுட்டு நிம்மதியாப் போவட்டும்."

பரிமளா கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, புருஷன் மடியில் போட்டாள். சாமிக்கண்ணுவுக்கு அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கவே இல்லை என்றவர் அல்லவா!

கலியம்மாள் புத்தகத்தைப் பார்த்தாள். "ஒங்க கொரல்லயே படிச்சிக் காட்டுங்க," என்றாள்.

சுவரைச் சுற்றிக்கொண்டு போனார். பினாயில் நெடியும் புண் நாற்றமும் முகத்தில் அடித்தது. கட்டிலில் கிடந்தது அண்ணனா என்றிருந்தது. ஏரிக்கரையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் ஒரு சாக்குக்குள் அடங்கிவிடுவார் போல் வற்றியிருந்தார். சாமிக்கண்ணு புத்தகத்தை முகத்துக்கு நேரே காட்டினார்.

அய்யாக்கண்ணு அட்டையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். இடது கையை நீட்டிப் புத்தகத்தைப் பிடுங்கினார். பிடுங்கி, அதாலேயே தம்பி மண்டையில் ஒரு போடு போட்டார். ஈ உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தது. ஆனாலும் அது அடிதான். பாதி வாயால் ஏதோ திட்டவும் செய்தார்.

"அடி, அடி. நல்லா அடி," என்றார் சாமிக்கண்ணு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் வாசிப்பு என்று வழக்கமாயிற்று. புத்தகம் துருவராஜை அறையிலேயே விட்டுவிட்டு, அவனைத் தேடிப் புறப்பட்ட கூட்டாளிகளின் கதையில் ஆரம்பித்தது. சாமிக்கண்ணு குரலை மாற்றி மாற்றி வாசித்தார். வில்லனின் குரலை அண்ணன் அந்தக் காலத்தில் வாசித்த மாதிரியே மூக்கால் பேசினார். துப்பாக்கிச் சத்தம் வந்தால் வாயாலேயே சுட்டார். அய்யாக்கண்ணு பாதி முகத்தால் சிரித்தார். கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்தவர் இரண்டு கரண்டி குடித்தார். கேட்கிறபோது முனகுவதில்லை. சாமிக்கண்ணுவுக்கு வெங்காயம் மறந்தது, பட்டறை மறந்தது. மத்தியானம் எப்போது வரும் என்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வாசிப்பு நகரவில்லை. படித்த பக்கத்தையே திரும்பப் படித்தார். முதல் பாகத்தை மறுபடி ஒருமுறை படித்துவிடலாமே என்றார். படம் இருக்கிற பக்கம் வந்தால் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முடித்துவிட்டால் அண்ணன் போய்விடுவாரே என்ற பயம் ஒரு பக்கம். முடிக்கப்போனால் நீ சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொள்ளவேண்டுமே என்கிற குடைச்சல் ஒரு பக்கம். இரண்டில் எது பெரிசு என்று அவருக்கே பிடிபடவில்லை.

அண்ணன் மகன் மகேஷ் திருப்பூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தான். போனும் கையுமாக வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பான்.

"சித்தப்பா, இன்னும் எவ்ளோ இருக்கு?"

"என்னா எவ்ளோ?"

"அந்தப் பொஸ்தவம்தான். கம்பெனியில போன் மேல போன் அடிக்கிறான். லீவெல்லாம் முடிஞ்சிபோச்சி. போயிட்டு மறுபடி காரியத்துக்கு வரணும்னா வுடுவானா? சட்டுபுட்டுன்னு படிச்சி முடிங்களேன்."

"ஒங்கப்பன் சாவுறதுக்கு நான் அவசரப்படணுமாடா?"

"நான் அப்பிடியா சொன்னேன்? ராத்திரியில அவரு படுற பாட்ட நீங்களா பாக்குறீங்க? மத்தியானம் வந்து கத படிச்சிட்டுப் போயிடுறீங்க."

சாமிக்கண்ணுவுக்குச் சுள்ளென்றது. பையன் சொன்னதில் பொய்யில்லை. கலியம்மாள் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் கதை திரும்ப இரும்பு அறைக்கு வந்துவிட்டது. இனிச் சுற்றி வளைக்க வழியில்லை. தண்ணீர் துருவராஜின் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. சங்கிலியை அறுத்துவிட்டான், கதவுதான் அசையவில்லை. அப்போது எதிர்ச் சுவரில் இன்னொரு குழாயின் திருகு அவன் கண்ணில் பட்டது.

சாமிக்கண்ணு நிறுத்தினார். "மீதிய நாளைக்கிப் படிக்கலாம். தொண்ட கட்டுது."

அய்யாக்கண்ணு தம்பியின் துண்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. புத்தகத்தைக் காட்டினார். பிறகு கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, திருகைத் திறப்பது போலத் திருப்பினார். திருப்பித் திருப்பிக் காட்டினார். கண் இரண்டும் தம்பி முகத்திலேயே நின்றது. தொறந்து வுட்டானா? நான் சொன்னேன்ல? அதைத்தான் கேட்டார். சின்னக் குழந்தைக்கும் விளங்கியிருக்கும்.

ஆமாண்ணே என்று சொன்னால் போதும். நாக்கு நுனிக்கு வந்ததுதான். ஆனால் அந்தப் பழைய எரிச்சல் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி வந்து வாயை அடைத்தது.

"என்னா, தண்ணி வேணுமா? அண்ணி, அண்ணன் தண்ணி கேக்குறாரு," என்றார் சாமிக்கண்ணு.

கலியம்மாள் தண்ணீர் கொண்டுவந்தபோதும் அந்தக் கை திரும்பிக்கொண்டிருந்தது. அய்யாக்கண்ணு வாயை இறுக்கிக்கொண்டார். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணை நனைந்தது. புத்தகத்தை மட்டும் திருப்பித் தரவில்லை, நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தார் சாமிக்கண்ணு. அன்று ராத்திரி, நாளைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று பரிமளாவிடம் சொன்னார். "எதை?" என்று அவள் கேட்டபோது பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

காலையில் வெங்காய வியாபாரி வண்டியோடு வந்துவிட்டான். மூட்டை பிடிக்க ஆளில்லை. சாமிக்கண்ணு காட்டில் நின்று மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தபோது பரிமளா வரப்பில் ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவள் வாயைத் திறக்குமுன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. கோணி ஊசியைப் போட்டுவிட்டு ஓடினார்.

கட்டிலை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தார்கள். தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தான் மகேஷ். அவன் கண் சிவந்திருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

"எப்படா?"

"இப்பத்தான் சித்தப்பா. காலையிலேர்ந்து பொஸ்தவத்த வச்சிக்கிட்டு ஒரே மொனகல். அம்மா துணி அலசப் போயிருந்துச்சி. நான்தான் எடுத்துப் படிச்சிக் காட்டுனேன். முடிச்சிட்டேன். செத்த நேரத்துல அடங்கிட்டாரு."

"எங்கேர்ந்து படிச்ச?"

"கடசிப் பக்கந்தான். அந்த ஆளுக்கு மெடல் குத்துறாங்கல்ல, அது. முடிவுதான கேக்கணும்னாங்க."

"கடசிப் பக்கமா?" சாமிக்கண்ணு அவன் தோளைப் பற்றினார். "அதுக்கு முன்னாடி? அந்த அறையிலேர்ந்து எப்பிடி வந்தான்னு படிக்கலையா?"

"அது எதுக்கு சித்தப்பா? பொழச்சி வந்துட்டான்ல."

"நாசமாப் போறவனே!" கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது. நேற்று அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடியது மகேஷ் இல்லை. கை தானாக இறங்கியது. "படிக்கும்போது அண்ணன் மொகம் எப்பிடிடா இருந்துச்சி? அதையாவது சொல்லு."

மகேஷ் விழித்தான். "நான் பொஸ்தவத்தப் பாத்துதான படிச்சேன். மொகத்தப் பாக்கலையே."

ஊர்ச் சனம் கூட ஆரம்பித்தது. யாரோ ஊதுவத்தி கொளுத்தினார்கள். யாரோ சாமியானாவுக்குப் போன் செய்தார்கள். "மகராசன், தம்பி வந்து கத சொல்லி அனுப்பி வச்சான்யா," என்று ஒரு கிழவர் மெச்சினார். சாமிக்கண்ணுவுக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கட்டிலோரம் மண்டியிட்டார். துணி கட்டிய தாடைக்குப் பக்கத்தில், காதுக்குள் வாயை வைத்தார்.

"அண்ணே, நீ சொன்னதுதான் சரி. ரெண்டாவது குழாயத்தான் தொறந்து வுட்டான். நீ சொன்ன மாரியே, ரெண்டு பக்கமும் சமமானப்பறந்தான் கதவு நவுந்துச்சி. நான் வாங்குன அன்னிக்கே படிச்சிட்டேண்ணே. நீ சொன்னதுதான் சரி. கேக்குதா? நீ சொன்னதுதான்."

தலைமாட்டில் கலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. கொழுந்தனைப் பார்த்தாள். கையிலிருந்த ஈரத்துணியால் புருஷன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, அக்கம்பக்கத்தில் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல தம்பி. கையத் திருப்பித் திருப்பிக் கேட்டாருல்ல."